முப்பதுக்குப் பதினாறு

சென்னை
20.7.2024

மதிப்பிற்குரிய அண்ணன் நைனா முகமது அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மகள் பாஸிலாவும் இறையருளால் சுகம். தங்கள் சுகத்தையும் பைசல் குடும்பத்தின் சுகத்தையும் எழுதவும்.

தங்கள் கைப்பேசியைப் பைசல் வாங்கி வைத்துக்கொண்டதாகச் சொன்னான். சந்தைக்காரர்களோடு பேசினால் தங்களுக்குக் குழப்பம் கூடும் என்று பயப்படுகிறான். மகன் என்றால் பயம் இருக்கத்தானே செய்யும்? அதனால்தான் கடிதம் எழுதுகிறேன்.

ஜமாஅத்தில் நான் எழுந்து பேசியது தங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும். "என் அண்ணனுக்குப் புத்தி தடுமாறுகிறது" என்று ஊர் முன்னால் சொல்ல எனக்கு மட்டும் ஆசையா? சோதித்த மருத்துவர் என் பழைய மாணவர். முப்பதுக்குத் தாங்கள் எடுத்தது பதினாறு. இருபத்து நான்குக்குக் கீழே போனாலே மறதி நோய் என்று கணக்கு. ஆயுள் முழுவதும் கணிதம் நடத்தியவன் சொல்கிறேன், எண்கள் பொய் சொல்லாது அண்ணா.

தோல் கிடங்கின் சாவி இனி பைசலிடமே இருக்கட்டும். பொங்கல் கழித்து அந்த இடத்தைக் கல்யாண மண்டபக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறானாம். நல்ல யோசனை. உப்புத் தோல் நாற்றத்தில் பட்ட பாடு போதும். தஸ்பீஹ் ஓதிக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

துஆவுடன்,
தம்பி அப்துல் ஹக்கீம்


திண்டுக்கல், பேகம்பூர்
29.7.2024

அன்புத் தம்பி ஹக்கீமுக்கு அண்ணன் சலாம். இங்க எல்லாரும் சுகம். உன் சுகர் எப்படி இருக்கு, காலையில நடக்கப் போறியா, எழுது.

கடிதம் கிடைச்சது. ஜமாஅத்துல நீ பேசுனதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. படிச்சவன் சொன்னா சபை கேக்கும். கேட்டுச்சு. மறுநாள் நான் சந்தைக்குப் போனா, என்கிட்ட தொழில் பழகினவனெல்லாம் சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி, "பாத்துப் போங்க அத்தா, வழி தெரியுதா"ங்கிறான்.

அந்தப் பரீட்சையில என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. நீ வெளிய பைசலோட டீ குடிச்சிக்கிட்டு இருந்த. நான் சொல்றேன், கேளு.

டாக்டர் தம்பி என்ன தேதின்னாரு. முஹர்ரம் பிறை அஞ்சுன்னேன். தப்புன்னு போட்டாரு. என்ன பருவம்னாரு. பக்ரீத் முடிஞ்சு தோல் வரத்து இறங்குற பருவம்னேன். அதுவும் தப்பு. அஞ்சு மூலைக் கட்டம் ரெண்டை ஒண்ணோட ஒண்ணு கோத்து வரைங்கன்னாரு. நான் ரெண்டாங் கிளாசோட நின்னவன். நீ படம் வரைஞ்ச வயசுல நான் தோல் பதனிடுற ஷாப்புல உப்புத் தடவுனேன். கோழி கிளறுன மாதிரி என்னமோ ஒண்ணு வந்துச்சு.

அப்புறம் நூறுலருந்து ஏழு ஏழாக் கழிச்சுச் சொல்லுங்கன்னாரு. நர்ஸு நிக்கிது, கதவோரம் ரெண்டு பேரு எட்டிப் பாக்குறான். நாலு பேரு நடுவுல தோல்காரன் தொகையை வாய்விட்டுச் சொல்லுவானா? சந்தையில துண்டைப் போட்டு உள்ளே விரலைப் பிடிச்சுத்தான விலை பேசுவோம், நீயும் பாத்தவன்தான. பழக்க தோசம், தோள்ல கெடந்த துண்டை எடுத்து அவரு கைமேல போட்டுட்டேன். தொண்ணூத்தி மூணு பிடிச்சேன். எம்பத்தாறு பிடிச்சேன். எழுபத்தொம்பது பிடிக்கையில வெடுக்குன்னு கையை உருவிக்கிட்டாரு. "சொன்னது புரியவில்லை, நடத்தை பொருத்தமாக இல்லை"ன்னு எழுதியிருக்காராம். பைசல் வாசிச்சுக் காட்டுனான்.

உன் மதினி காதர் பீவி மௌத்தாகி ரெண்டு வருசம் ஓடிப்போச்சு. அவ கபருக்கு மண்ணு தள்ளினதுல உன் கையும் ஒண்ணு. அவ இருந்திருந்தா அன்னைக்கு என்னைக் கார்ல ஏத்த வந்த உங்க ரெண்டு பேரையும் வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டா.

வேற விசேசம் இல்ல. உடம்பைப் பாத்துக்க.

அண்ணன்
நைனா முகமது


சென்னை
9.9.2024

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பாஸிலாவும் சுகம். தாங்கள் எழுதிய கடிதம் கண்டு மகிழ்ந்தேன். பதில் தாமதமாகிவிட்டது. மேசையில் எதை வைத்தாலும் பாஸிலா எடுத்து எங்கோ ஒளித்து வைத்துவிடுகிறாள். என் கண்ணாடியைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள் என்றால் பாருங்கள்.

தங்கள் கைப்பேசியைப் பைசல் வாங்கி வைத்துக்கொண்டதாகச் சொன்னான். மகன் என்றால் பயம் இருக்கத்தானே செய்யும்? அதனால்தான் கடிதம் எழுதுகிறேன்.

மதினிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படியேறிப் போய்த் துணி காயப் போட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லவும். போன நோன்புக்கு அவர் கைக் கஞ்சி குடிக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. வருகிற நோன்புக்குக் கட்டாயம் வருவேன், சட்டியோடு எனக்கு எடுத்து வைக்க வேண்டும்.

மதினிக்கு என் சலாம்.

துஆவுடன்,
அப்துல் ஹக்கீம்


திண்டுக்கல்
20.9.2024

அன்புத் தம்பிக்கு அண்ணன் சலாம். நாங்க சுகம். நீயும் மக பாஸிலாவும் சுகமா இருக்கணும்.

உன் கடிதத்தை ஒரு தடவைக்கு நாலு தடவை வாசிச்சேன்.

உன் மதினிக்கு முழங்கால் இப்ப தேவலை. நீ சலாம் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கிட்டா.

ஒரு ஆசை தம்பி. எனக்கு வச்ச பரீட்சைய உன் மாணவர்கிட்ட சொல்லி நீயும் ஒருக்கா எழுதிப் பாரேன். நம்ம குடும்பத்துல ஒருத்தனாவது நல்ல மார்க்கு வாங்கினான்னு ஜமாஅத்துல நாலு பேருகிட்டச் சொல்லிக்குவேன்ல. எம்புட்டு வாங்கினன்னு மறக்காம எழுது.

அண்ணன்
நைனா முகமது


சென்னை
25.10.2024

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம், தங்கள் சுகத்துக்கு துஆ.

தாங்கள் கேட்டபடி சோதனை செய்துகொண்டேன். முப்பதுக்கு இருபத்தொன்பது! மருத்துவர் எழுந்து நின்று கை கொடுத்தார். நூறிலிருந்து ஏழு ஏழாக அவர் ஐந்து முறைதான் கேட்டார், நான் இரண்டு வரைக்கும் இறங்கி, "இன்னும் வேண்டுமா, குறை எண்ணுக்குப் போகட்டுமா?" என்றேன். சிரித்துவிட்டார். ஐங்கோணங்களை அளவுகோல் இல்லாமலே வரைந்தேன். அவர் சொல்லி வைத்த மூன்று சொற்களில் ஒன்று மட்டும் நழுவிவிட்டது. இந்த வயதில் ஒன்று நழுவலாம் என்றார்.

இவ்வளவு எளிய சோதனையில் யாராவது தவறுவார்களா என்று வியப்பாக இருந்தது. நீங்களும் ஒருமுறை செய்து பார்க்கலாம்.

கிடங்கில் வியாபாரம் எப்படி? பக்ரீத் தோல் எல்லாம் அனுப்பியாயிற்றா? பைசலைக் கூட வைத்துத் தொழில் பழக்குங்கள். மதினிக்கு சலாம்.

துஆவுடன்,
அப்துல் ஹக்கீம்


சென்னை
18.11.2024

அன்புள்ள பெரியத்தாவுக்கு பாஸிலா சலாம். எல்லாரும் சுகமா? நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

அத்தாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அம்மா போன பிறகு அவரை என் வீட்டிலேயே வைத்திருக்கிறேன், அதனால் மாற்றம் என் கண்ணில்தான் படுகிறது. இரண்டு தடவை அடுப்பைப் பற்ற வைக்காமல் கேஸை மட்டும் திறந்துவிட்டுப் போய்விட்டார். தொழுகைக்குப் போனவர் வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தார். கேட்டால், "பஸ்ஸுக்குத்தான் காத்திருக்கேன்" என்று என்மேலேயே கோபம். டாக்டரிடம் சொன்னால், "இருபத்தொன்பது வாங்கியவருக்கு என்னம்மா நோய், வயசாகிறது" என்று அனுப்பிவிட்டார். ஒருவேளை நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்று இருக்கிறது.

உங்களுக்கு முத்து முத்தாக எழுதுகிறாரே. அந்தக் கடிதங்களில் ஏதாவது வித்தியாசமாகப் பட்டதா? ஒரு வரி எழுதினால் போதும், அதைக் காட்டி வேறு பெரிய டாக்டரிடம் கூட்டிப் போவேன். உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

உங்கள் மகள் போன்ற,
பாஸிலா


திண்டுக்கல்
2.1.2025

மக பாஸிலாவுக்குப் பெரியத்தா சலாம். இங்க சுகம். உன் கடிதத்துக்கு உடனே எழுத முடியல, ஆஸ்பத்திரிக்கும் ஜமாஅத்துக்குமா அலைச்சல்.

உங்க அத்தா கடிதத்துல தப்பா ஒண்ணும் எனக்குப் படல. எழுத்து தெளிவா இருக்கு. நீ வீணா மனசைப் போட்டு உழப்பாத.

நான் இங்க ஏஞ்சலின்னு ஒரு டாக்டரம்மாகிட்டப் போனேன். பழைய சீட்டைப் பாத்துட்டு, "எது வரைக்கும் படிச்சீங்க?"ன்னாங்க. முன்ன பாத்த டாக்டர் கேக்காத கேள்வி. ரெண்டாங் கிளாசும்மான்னேன். பிறையெல்லாம் சரியாச் சொன்னேன், கழித்தலைத் துண்டுக்குள்ள பிடிச்சுக் காட்டுனேன். அந்தம்மா கையை இழுக்கல. அவுகளே விரலை எண்ணிப் பாத்து எழுதிக்கிட்டாங்க. இந்தப் பரீட்சை பள்ளிக்கூடத்துல உக்காந்து பழகினவனுக்குன்னு செஞ்சதாம். வயசு ஏறினா மார்க்கு இறங்கும், படிப்பு இல்லாட்டி இன்னும் இறங்கும், அதை நோய்னு எழுதப்படாதுங்கிறாங்க. சீனாக்காரன்கூட இதே பரீட்சைய வயசானவங்களுக்கு வைக்கையில, பள்ளிக்கூடம் பாக்காதவனுக்கு ஒரு பாஸ் மார்க்கு, கொஞ்சம் படிச்சவனுக்கு ஒண்ணு, நெறையப் படிச்சவனுக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வச்சிருக்கானாம். ஆட்டுத் தோலை மாட்டுத் தோல் அளவுல அளந்தா வந்த சரக்கு அம்புட்டையும் கழிச்சுத்தான கட்டணும். என் புத்திக்கு ஒரு குறையும் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க.

அதை வச்சு பள்ளிவாசல் முத்தவல்லி மைதீன் பிச்சைகிட்ட முறையிட்டிருக்கேன். ஜனவரி கடைசி வெள்ளி, ஜும்மா முடிஞ்சு சபை கூடுது. சாவி யாருக்குன்னு அன்னைக்கு முடிவு. போன தடவை சாட்சி சொன்ன உங்க அத்தாவும் வரணும்னு சபை சொல்லுது. நீயே கூட்டிட்டு வா. வியாழக்கிழமையே வந்து நம்ம வீட்ல தங்கிக்கங்க.

பெரியத்தா
நைனா முகமது


சென்னை
6.2.2025

பெரியத்தாவுக்கு,

சலாம். நாங்கள் வந்து சேர்ந்தோம். அத்தா சுகமாக இல்லை. அதனால் உங்கள் சுகத்தை இந்தத் தடவை கேட்கவில்லை.

நான் பள்ளிவாசல் ஆபீஸ் வராண்டாவில்தான் நின்றிருந்தேன். எல்லாம் கேட்டது. உங்கள் சீட்டை வாசித்ததுமே சபை உங்கள் பக்கம் வந்துவிட்டது. பைசல் அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். நீங்கள்தான், "என் தம்பிகிட்ட நாலு கேள்வி கேக்கணும்" என்றீர்கள்.

"காலையில என்ன சாப்பாடு தம்பி?"

காலையில் உங்கள் வீட்டில்தான் இடியாப்பமும் பாயாவும் சாப்பிட்டார். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து. "இன்னும் சாப்பிடலையே அண்ணா" என்றார். யாரோ சிரித்தார்கள்.

"மெட்ராஸ்லருந்து எதுல வந்த?"

"நான் எங்கே வந்தேன்? இங்கேதானே இருக்கேன்."

"சரி, உன் மதினி எங்க?"

"உள்ளே சமையல்கட்டில் இருப்பாங்க. கூப்பிடட்டுமா?" என்று எழுந்தேவிட்டார்.

பெரியம்மாவை அடக்கம் செய்த கூட்டம் அது. பின்னாலிருந்து ஒருவர், "புரபசரு எம்புட்டு மார்க்கு?" என்றார். நீங்கள் "இருபத்தொம்பது" என்றீர்கள். அதற்கு அத்தனை பேரும் சிரித்தார்கள். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று மட்டும் அத்தாவுக்குப் புரிந்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, "தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு" என்று சொல்ல ஆரம்பித்தார். அவருக்குக் கண்டிப்பாகத் தெரிந்தது அது ஒன்றுதான் பெரியத்தா. நிறுத்தவே இல்லை.

பிறகு நீங்கள் எழுந்து போய்த் துண்டைப் போட்டு அதற்குள் அவர் கையைப் பிடித்தீர்கள். மைதீன் பிச்சை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் பாசம் என்றுதான் நினைத்தேன்.

சென்னைக்குத் திரும்பி வந்து அத்தா பெட்டியில் உங்கள் கடிதங்களைப் பார்த்தேன். "உன் மதினிக்கு முழங்கால் இப்ப தேவலை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்களுக்குத் தெரியும். நான் கேட்டபோது தெரியும். ஒரு வரி எழுதியிருந்தால் அப்போதே வைத்தியம் பார்த்திருப்பேன். ஏன் பெரியத்தா?

பாஸிலா


திண்டுக்கல்
14.2.2025

மக பாஸிலாவுக்குப் பெரியத்தா சலாம்.

சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. தெரியும். செப்டம்பர்ல அவன் மதினி முழங்காலை விசாரிச்ச அன்னைக்கே தெரியும். நானும் அவளைச் சாகாதவளாக்கி எழுதினேன். உரசிப் பாத்தேன். நெசந்தான்னு ஆச்சு.

டாக்டரம்மா சொன்னதுல பாதிய உனக்கு எழுதலை. இப்ப எழுதுறேன். படிச்சவனுக்குப் பாஸ் மார்க்கு மேல போகும். நெறையப் படிச்ச மூளை உள்ள அரிச்சுப் போயிருந்தாலும் பரீட்சையில நல்லாவே காட்டுமாம். கூட இருக்கிறவங்க சொன்னாத்தான் பிடிபடும்னாங்க. மேல்பக்கம் மினுமினுன்னு வர்ற தோலைப் புரட்டிப் பாக்காம வாங்குறவன் ஏமாந்தவன். இதைக் கேட்டுட்டு ஆஸ்பத்திரியிலருந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். உனக்கு எழுதத்தான் வந்தேன். பேனாவை எடுத்தா, "என் அண்ணனுக்குப் புத்தி தடுமாறுகிறது"ன்னு அவன் சொன்ன குரல் கேக்குது. மூடி வச்சுட்டேன்.

அவனைப் படிக்க வச்சது என் முதுகு. அந்தப் படிப்பை வச்சே என்னைச் சபையில உரிச்சான். எந்த எடத்துல உரிச்சானோ அதே எடத்துல, அதே ஆளுக முன்னாடி அவனை உக்கார வைக்கணும்னு இருந்தேன். வச்சேன். அப்பவே வைத்தியம் பாத்திருந்தா கொஞ்சம் தாங்கியிருக்கும். அதுவும் தெரிஞ்சுதான்.

துண்டுக்குள்ள நான் பிடிச்சது பாசம் இல்ல. பேரம் படிஞ்சா கடைசியா ஒரு அழுத்து அழுத்திட்டுக் கையை உருவுவோம். யாவாரம் முடிஞ்சதுன்னு அர்த்தம். அதைத்தான் பிடிச்சேன். உருவப் போனேன். அவன் விடல.

சாவி என் மடியில இருக்கு. பைசல் கிடங்குல நின்னு உப்பு அள்ளுறான், கை வெடிச்சிருச்சுங்கிறான். வெடிக்கட்டும். சந்தையில மறுபடி எனக்குச் சலாம் சொல்றாங்க.

என்னை மன்னிக்கச் சொல்லி உனக்கு எழுதல. கேட்ட, சொல்லிட்டேன். டாக்டரம்மா விலாசம் தனிச் சீட்டுல வச்சிருக்கேன், கூட்டிட்டு வா. செலவு என்னோடது.

நைனா முகமது


சென்னை
20.3.2025

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். தங்கள் சுகத்தையும் மதினியின் சுகத்தையும் எழுதவும். நோன்பு நடக்கிறது. என்னைப் பிடிக்க விடாமல் இவர்கள் சாப்பாட்டைக் கொண்டு வந்து வைக்கிறார்கள்.

தங்களிடம் ஒரு முறையீடு. யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அண்மையில் ஒரு சபையில் என்னை உட்கார வைத்து ஒருவன் கேள்வி கேட்டான். வயதானவன், தோளில் துண்டு போட்டிருந்தான். என்ன கேட்டான் என்பது நினைவில்லை. நான் சொன்னதற்கெல்லாம் எல்லாரும் சிரித்தார்கள். நான் கணிதப் பேராசிரியர் என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆள் இல்லை.

நல்ல வேளை, அந்த நேரத்தில் தாங்கள் வந்து துண்டுக்குள் என் கையைப் பிடித்தீர்கள். முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் உப்பில் ஊறிய அந்தக் கை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் சந்தைக் கூட்டத்தில் நான் தொலையாமல் இருக்கத் தாங்கள் பிடித்து நடந்த பிடி. சற்று நேரம் முன்னால் வந்திருந்தால் அவனைப் பேசவே விட்டிருக்க மாட்டீர்கள்.

அவனை விசாரியுங்கள் அண்ணா. சும்மா விடாதீர்கள்.

தங்கள் தம்பி,
அப்துல் ஹக்கீம்


திண்டுக்கல்
26.3.2025

அன்புத் தம்பி ஹக்கீமுக்கு அண்ணன் சலாம். உன் கடிதம் கிடைச்சது. கொடுக்கிறதைச் சாப்பிடு, உனக்கும் சேத்து நான் நோன்பு பிடிக்கிறேன். பெருநாளைக்கு நீயும் பாஸிலாவும் இங்க வாங்க. சட்டியோட கஞ்சி இருக்கும், நானே காய்ச்சுறேன்.

உன்னைக் கேள்வி கேட்டவனை விசாரிச்சிட்டேன். இந்த ஊருக்காரன்தான். தோல் யாவாரி. தினமும் ஃபஜ்ர் தொழுகைக்கு எந்திரிச்சா முதல்ல அவன் மூஞ்சியிலதான் முழிக்கிறேன்.

நீ நிம்மதியா இரு. அவனை நான் விட மாட்டேன்.

அண்ணன்
நைனா முகமது